செல்லக்கண்ணு வரைந்த வீடு

ஆலையில் யாரோ ஒருவர் சிரித்துவிட்டார்.

பாதுகாப்பு வாரத்தின் தொடக்க விழா அது. சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த துணைத் தலைவர், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் விளிம்பில் போட்டிருந்த பந்தலில் நின்று உறுதிமொழியை வாசித்தார். சிமெண்ட் ஆலைத் தொழிலாளர்கள் கையை நீட்டியபடி அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'என் உயிரையும் என் சக தொழிலாளியின் உயிரையும்' என்ற இடத்துக்கு வந்தபோது துணைத் தலைவரின் ஹெல்மெட் மெதுவாக முன்னால் இறங்கி அவருடைய மூக்கில் உட்கார்ந்தது. முன்பின் மாற்றிப் போட்டிருந்தார். காகிதம் தெரியாமல் போகவே நிறுத்தினார். அந்த அமைதியில்தான் சிரிப்புக் கேட்டது. பெரிய சிரிப்பு இல்லை. அடக்கி, அடக்க முடியாமல், மூக்கு வழியாக வெளியே போன சிரிப்பு.

யார் என்று கண்டுபிடிக்க ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழு ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கண்டுபிடிக்க இன்னொரு குழு அமைத்தார்கள். பிறகு பர்சனல் மேனேஜர் வைத்திலிங்கம் நோட்டீஸ் போர்டில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார். பாதுகாப்பைப் பார்த்துச் சிரிப்பவர் மனநிலை சரியில்லாதவராகத்தான் இருக்க முடியும். சிரித்தவர் இன்னார் என்று தெரியாத நிலையில் எல்லோரையும் அவராகவே கருத வேண்டியிருக்கிறது. எனவே எல்லோருக்கும் மனத்தகுதிச் சோதனை. கனரக வண்டி ஓட்டுகிறவர்கள் முதலில்.

செல்லக்கண்ணு டம்பர் ஓட்டுகிறவன். வெடித்து விழுந்த கல்லைச் சுரங்கத்திலிருந்து மேலே கொண்டுவந்து கிரஷரில் கொட்டுவது அவன் வேலை. சிரித்தது அவனில்லை. ஆனால் சுற்றறிக்கையைப் படித்ததிலிருந்து, ஒருவேளை சிரித்தது தானாக இருக்குமோ என்ற சந்தேகம் அவனுக்குள் இருந்துகொண்டே இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் அரியலூர் மாவட்டத்தைக் கலைத்து மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்திருந்தார்கள். எதுவாக இருந்தாலும் பெரம்பலூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவன் மனைவி பூங்காவனம், பக்கத்து வீட்டு ரெங்கம்மாளையும் இன்னும் சில பெண்களையும் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனாள். அடுத்த பஸ்ஸில் செல்லக்கண்ணு, தனக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் போனான்.

பூங்காவனத்தின் மனு சுவரைப் பற்றியது. அவர்களுடைய ஊரான ஓடைக்குறிச்சி சுரங்கத்தை ஒட்டி இருக்கிறது. முன்பு சுரங்கம் வெகுதூரத்தில் இருந்தது. கல் தீரத் தீர அது ஊரைப் பார்த்து நடந்து வந்துவிட்டது. தினமும் மத்தியானம் சங்கு ஊதிவிட்டு வெடி வைப்பார்கள். அலமாரியில் பாத்திரங்கள் ஒருமுறை பேசி அடங்கும். விரிசல் விடாத வீடு ஊரில் இல்லை. செல்லக்கண்ணு வீட்டின் மேற்குச் சுவரில் உத்தரத்துக்குக் கீழே தொடங்கிய விரிசல், நடுவில் ஒரு வளைவு வளைந்து தரைவரை வந்திருந்தது. சந்தில் போகிற ரெங்கம்மாள் வாசலுக்கு வரச் சோம்பல்பட்டு, அந்த வழியாகவே "என்னாடி கொழம்பு?" என்று கேட்பாள். அந்தச் சுவருக்கு அடியில்தான் அவர்கள் மகள் பிரவீணா படுப்பாள். வேறு இடம் இல்லை.

ஆலை சோதனைக்கு அனுப்பிய மனவள மையம் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. படியேறும்போதே யூரியா வாசனை வந்தது. மையத்தை நடத்துகிற சிங்காரவேலு திருச்சிக்காரர், உளவியலில் எம்.ஏ. தன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று அவர் போட்டுக்கொண்டதில்லை. போட்டவர்களைத் திருத்தியதும் இல்லை.

"ராத்திரி நல்லாத் தூக்கம் வருதா?"

"இப்ப நைட் ஷிப்ட்டுங்க சார். பகல்லதான் தூங்குவேன்."

"தூங்கும்போது கட்டில் ஆடுற மாதிரி தோணுமா?"

"ஆடுங்க சார்."

"தோணுமான்னு கேட்டேன்."

"தோணாதுங்க. ஆடும். வெடி வெக்கிறாங்கல்ல."

சிங்காரவேலு வெகுநேரம் எழுதினார்.

"யாரோ உங்களையே கவனிக்கிற மாதிரி எப்பவாவது இருந்திருக்கா?"

"இப்ப ஒரு மாசமா இருக்குங்க. சிரிச்சது யாருன்னு பாத்துக்கிட்டே இருக்காங்க."

அதையும் எழுதினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் நீட்டினார். "ஒரு வீடு, ஒரு மரம், ஒரு மனுஷன். மனசுல வர்றத வரைங்க. இதுல சரி தப்பே கிடையாது."

சரி தப்பு கிடையாது என்று அவர் சொன்னதை செல்லக்கண்ணு நம்பினான். வீடு என்றதும் அவனுக்குத் தெரிந்தது தன் வீடு. அதை மேற்கிலிருந்து பார்த்தபடி வரைந்தான். உத்தரத்துக்குக் கீழே தொடங்கி, வளைவு வளைந்து, தரைவரை கோட்டை இழுத்தான். மரம் என்றால் வாசல் வேம்பு. அதன் இலையெல்லாம் ஆலைத் தூசி படிந்து வெளுத்துக் கிடக்கும். வெள்ளையை எப்படி வரைவது என்று தெரியாமல் இலைகளை விட்டுவிட்டான். மனுஷன் என்றதும் கூட வேலை பார்க்கும் அழகேசனை வரைந்தான். தூசிக்கு எல்லோரும் கட்டுவதுபோல மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டு கட்டியிருந்தான் அழகேசன்.

சிங்காரவேலு தாளைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியொரு சந்தோஷத்தை மனவள மையத்தில் யாரும் பார்த்ததில்லை.

"வீட்டுல விரிசல். மரத்துல இலை இல்ல. மனுஷனுக்கு வாயே இல்ல. புத்தகத்துல போட்டிருக்கிற மாதிரியே இருக்கு செல்லக்கண்ணு. எங்கிட்ட இதுவரைக்கும் இவ்ளோ முழுசா யாரும் வந்ததில்ல."

பாராட்டுகிறார் என்று நினைத்து செல்லக்கண்ணு கொஞ்சம் வெட்கப்பட்டான்.

அன்று மாலைக்குள் சிங்காரவேலுவின் சந்தோஷம் பயமாக மாறியது. ஓடைக்குறிச்சியிலிருந்து வந்த டிரைவர்கள், ஆபரேட்டர்கள் ஒருவனைத் தவிர அத்தனை பேரும் வீட்டுக்கு விரிசல் போட்டிருந்தார்கள். மற்ற ஊர்க்காரர்கள் யாரும் போடவில்லை. ஒரே ஊரில் இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் மனம் உடைந்திருப்பதை அவர் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. தண்ணீரில் ஏதாவது கலந்திருக்குமோ என்று ஆலைக்கு எழுதினார். அந்த ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. மனத்தைப் படித்தவர் ஊரைப் பார்க்கப் போவது முறையல்ல.

தப்பித்தவன் அழகேசன் ஒருத்தன்தான். அவனும் ஓடைக்குறிச்சி. அவன் வீட்டுச் சமையலறையே பாதி சாய்ந்திருந்தது. ஆனால் வீடு வரைய வேண்டும் என்றதும், நான்காம் வகுப்பில் வாத்தியார் கரும்பலகையில் வரைந்த வீட்டை அப்படியே வரைந்துவிட்டான். பின்னால் இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், வீட்டை ஒட்டி ஓர் ஆறு. சிங்காரவேலு அதன் கீழே 'முழு ஆரோக்கியம்' என்று எழுதினார்.

மறுவாரம் வைத்திலிங்கம் ஓடைக்குறிச்சித் தொழிலாளர்களைக் கேண்டீனுக்குப் பின்னால் கூட்டிவைத்துப் பேசினார்.

"உங்க படங்களை நிர்வாகம் ரொம்பக் கவலையோட பார்த்துச்சு. வீட்டைப் பத்தி நிர்வாகத்துக்குக் கவலை இல்ல. அது உங்க வீடு. அதுல தலையிட எங்களுக்கு உரிமை கிடையாது. ஆனா மனசு அப்படி இல்ல. ஷிப்ட் நேரத்துல உங்க மனசு கம்பெனி சொத்து. கம்பெனி சொத்துல விரிசல் விழுறத நாங்க அனுமதிக்க முடியாது."

பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். "சார், வெடி வெக்கிறதாலதான் சொவரு..."

"கேளுங்க. நம்ம வெடியோட அதிர்வு சட்டம் சொல்ற அளவுக்குள்ள இருக்கு. எங்கிட்ட சர்டிபிகேட் இருக்கு. சட்டத்துக்கு உட்பட்ட அதிர்வுல எந்தச் சுவரும் விரியாது. அப்படியும் விரிஞ்சா அது சுவரோட மனப்பான்மை."

எல்லோரும் தலையாட்டினார்கள். செல்லக்கண்ணுவும் ஆட்டினான். வீட்டுக்குப் போகிற வழியில்தான், எதற்குத் தலையாட்டினோம் என்று யோசித்தான்.

படத்தில் விரிசல் போட்டவர்கள் தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள் என்று அறிவிக்கப்பட்டார்கள். வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, மற்றவர்கள் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு விலகிப் போக வசதியாக, வெளிர்நீல ஹெல்மெட் கொடுத்தார்கள். ஆலையின் விருந்தினர் மாளிகைப் புல்தரையைச் சீர் செய்வது அவர்கள் வேலை. கூர்மையான எதையும் அவர்கள் கையில் கொடுக்கக் கூடாது என்று மையத்திலிருந்து அறிவுரை வந்திருந்ததால் கத்தரி தரவில்லை. புல்லை ஒவ்வொன்றாகக் கையால் கிள்ளினார்கள். முப்பத்தைந்து டன் வண்டியை மழைச் சேற்றில் பின்னோக்கி ஏற்றிய கைகள் குத்தவைத்துப் புல் கிள்ளின. மூன்று மாதத்துக்குப் பிறகு மறு சோதனை. அதிலும் தேறாவிட்டால் வேலை இல்லை.

ஊரில் யாராவது கேலி செய்திருந்தால் செல்லக்கண்ணு தாங்கியிருப்பான். எல்லோரும் அன்பாக நடந்துகொண்டார்கள். டீக்கடையில் "சூடு, பாத்துக் குடிங்க" என்று தம்ளரை இரண்டு கையாலும் கொடுத்தார்கள். ஏற்கெனவே கேட்ட கேள்வியை, அவனுக்குப் புரியும்படி மெதுவாக இன்னொரு முறை கேட்டார்கள். அவன் எதற்காவது சிரித்தால் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதனால் சிரிப்பதை நிறுத்தினான். பிறகு, அவன் சிரிப்பதே இல்லை என்று கவலைப்பட்டார்கள்.

பூங்காவனத்தின் தம்பி பூமாலை, பூலாம்பாடியிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் ஆப்பிளோடும் பார்க்க வந்தான். மாமனின் எதிரில் கட்டில் நுனியில் உட்கார்ந்து, "சாப்புடுங்க மாமா, நல்லா சாப்புடுங்க" என்றான். பிறகு அக்காளை மேற்குச் சந்துக்குக் கூப்பிட்டான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். சுவரில் விரிசல் இருந்ததால் உள்ளே எல்லாம் கேட்டது.

"அக்கா, குணசீலம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு மண்டலம் வெச்சிருந்தா தெளிஞ்சுடும்ங்கறாங்க. எங்க ஊர்ல ஒருத்தருக்கு அப்படித்தான் சரியாச்சு."

"எவன்டா அவன், தெளியறதுக்கு?" பூங்காவனத்தின் குரல் தாழவில்லை. "எம் புருசனுக்கு ஒண்ணும் இல்ல. அவரு கண்ணால பாத்தத வரைஞ்சாரு. வைத்தியம் பாக்கணும்னா இந்தச் சொவத்துக்குப் பாருங்கடா. ஆப்பிள் வாங்கியாந்துட்டான் ஆப்பிளு."

உள்ளே செல்லக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தான். தனக்காக ஒருத்தி இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை என்று நினைத்தான். அந்தச் சத்தம் தெருவுக்கும் கேட்டிருக்குமே என்றும் நினைத்தான். இரண்டாவது நினைப்புதான் வெகுநேரம் நின்றது.

மறு சோதனை நெருங்கியபோது அழகேசன் புல்தரைக்கு வந்து அவன் பக்கத்தில் குத்தவைத்தான்.

"மச்சான், ஒண்ணு கேக்குறேன். வூட்ட வரையச் சொன்னா ஒன் வூட்ட ஏன்டா வரையுற?"

"வேற எந்த வூட்ட வரையச் சொல்ற?"

"எல்லாரும் வரையுற வூட்ட. ரெண்டு மலையப் போடு. சூரியன அதுக்கு நடுவுல சொருகு. அம்புட்டுதான். நம்மூர்ல மலையக் கண்டிருக்கியா நீ? நானும் கண்டதில்ல. எனக்குப் புத்தி தெளிவா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நீ இருக்கிறத வரைஞ்சுட்டு இங்க புல்லுப் புடுங்குற."

அழகேசன் ஒரு குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினான். செல்லக்கண்ணு அதைப் பார்த்து வரைந்தான். மலை வந்தது. சூரியன் வந்தது. ஆறுகூட வந்தது. சுவரை வரைந்து முடித்ததும் குச்சி தானாகவே உத்தரத்துக்குக் கீழே போய் நின்றது.

"எடுறா கையை!" என்றான் அழகேசன். "பழகிப்போச்சு பாரு மாட்டுக்கு."

வீட்டில் பிரவீணாவின் பழைய நோட்டில் பழகினான். கையை அடக்கச் சில நாள் ஆனது. ஒருநாள் சாயங்காலம், சுவரை முழுசாக வரைந்து முடித்தபோது கை வேறெங்கும் போகவில்லை. சுவர் வெள்ளையாக, நேராக நின்றது. பூசி முடித்த சுவரைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையிலேயே ஏதோ சரியாகிவிட்டதுபோல் நெஞ்சுக்குள் ஒரு சின்ன நிம்மதி. அந்த நிம்மதி வந்ததும் ஏனோ நிமிர்ந்து மேற்குச் சுவரைப் பார்க்க முடியவில்லை.

பூங்காவனம் பின்னால் வந்து நின்றிருந்தாள். வெகுநேரமாக நின்றாளோ என்னவோ.

"யாரு வூடு இது?"

"சும்மா."

"நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

மறு சோதனையில் சிங்காரவேலு அவன் படத்தைப் பார்த்துக் கண் கலங்கினார். வீடு குணமாகிவிட்டது, மரம் துளிர்த்துவிட்டது, மனுஷனுக்கு வாய் வந்து அது சிரிக்கவும் செய்கிறது. மூன்று மாதப் புல் சிகிச்சையில் இப்படி ஒரு மாற்றத்தை வெளிநாட்டில்கூடக் காட்ட முடியாது என்றார். கீழே 'என் வீடு' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். 'வீடு' என்று மட்டும் எழுதலாமா என்று செல்லக்கண்ணு கேட்டான்.

"அது எப்படி? உங்க வீடா இருந்தாத்தானே உங்க மனசு?"

எழுதினான். அழகேசன் ஓடைக்குறிச்சிக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்திருந்ததால், அன்று எல்லோர் வீட்டுக்குப் பின்னாலும் அதே இரண்டு மலைகள் எழுந்தன. சென்ற முறை ஒரேபோல் இருந்தது நோய் என்றும், இந்த முறை ஒரேபோல் இருப்பது குணம் என்றும் சிங்காரவேலு அறிக்கையில் விளக்கியிருந்தார். விழா வைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். செல்லக்கண்ணுவுக்கு வண்டிச் சாவி திரும்பக் கிடைத்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தான்.

அவன் வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் பூங்காவனத்தின் மனு மேசை மேசையாக இறங்கி ஊருக்கே வந்துசேர்ந்தது. விசாரணை அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, பஞ்சாயத்துக் கட்டடத்து வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெண்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். பூங்காவனம் முன்னால் நின்றாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். ஆலையின் சார்பில் வைத்திலிங்கம் வந்தார். வரும்போது ஷிப்ட்டிலிருந்த செல்லக்கண்ணுவையும் ஜீப்பில் கூட்டிவந்திருந்தார். எதற்கு என்று சொல்லவில்லை.

"சார், ஒரு எட்டு வந்து பாத்துடுங்க" என்றாள் பூங்காவனம். "அந்தா தெரியுது பாருங்க, மூணாவது வூடு. மேக்குச் சொவரு எப்ப வேணாலும் வுழுந்துடும். எம் பொண்ணு அதுக்கு அடியிலதான் சார் படுக்குது. பத்தாவது படிக்கிறா. ராத்திரியெல்லாம் ஒக்காந்து அந்தச் சொவத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன்."

அதிகாரி இளநீரைக் குடித்து முடித்தார். "நான் வந்து பார்க்கலாம்மா. ஆனா நான் பார்த்தா அது என்னோட அபிப்பிராயம். அபிப்பிராயத்தை வெச்சு அரசாங்கம் முடிவெடுக்காது. ஆவணம் இருக்கா?"

"சொவரு இருக்குங்களே சார்!" என்றாள் ரெங்கம்மாள் கூட்டத்திலிருந்து. "கைய வுட்டே பாக்கலாம்!"

வைத்திலிங்கம் எழுந்தார். "ஆவணம் எங்ககிட்ட இருக்கு சார்." பையிலிருந்து படங்களை எடுத்து அதிகாரியின் மேசையில் ஒவ்வொன்றாக அடுக்கினார். இரண்டு மலை, பாதிச் சூரியன், ஓர் ஆறு, விரிசல் இல்லாத வீடு. இரண்டு மலை, பாதிச் சூரியன், ஓர் ஆறு, விரிசல் இல்லாத வீடு. "இந்த ஊர்லயே குடியிருக்கிறவங்க, சொந்தக் கையால வரைஞ்சு, என் வீடுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது. வரையும்போது புத்தி தெளிவா இருந்ததுன்னு சான்றிதழும் இணைச்சிருக்கோம்."

அதிகாரியின் முகம் தெளிந்தது. "இதத்தாம்மா கேட்டேன். உங்க சுவர்ல விரிசல் இருக்கலாம். இல்லேன்னு நான் சொல்லல. ஆனா சுவர் கையெழுத்துப் போடாது. இது கையெழுத்துப் போட்டது." ஒரு தாளை எடுத்துப் பெயரைப் படித்தார். "செல்லக்கண்ணு யாரு?"

செல்லக்கண்ணு முன்னால் வந்தான். பூங்காவனத்துக்கும் அவனுக்கும் நடுவில் அந்த மேசை மட்டும் இருந்தது.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"உங்க வீடுதானே?"

வைத்திலிங்கம் அவன் தோளில் கையை வைத்தார். ரொம்பப் பிரியமாகப் பேசினார். "அவசரமே இல்ல செல்லக்கண்ணு. யோசிச்சுச் சொல்லுங்க. விரிசல் இன்னும் தெரியுதுன்னா தயங்காமச் சொல்லிடுங்க. சிங்காரவேலு சார் மறுபடியும் முதல்லேருந்து பார்ப்பார். வண்டிச் சாவி எங்கேயும் ஓடிடாது."

தூரத்தில் கிரஷர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. செல்லக்கண்ணு தலை குனிந்து தன் படத்தைப் பார்த்தான். அதிலிருந்த மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என் வூடுதாங்க" என்றான்.

பூங்காவனம் அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவன் திரும்பிப் பார்த்திருப்பான். கடைத்தெருவில் தொலைந்த ஆளைத் தேடுகிறவள்போல் பார்த்தாள். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"சார், அவரு சொல்றத எடுத்துக்காதீங்க" என்றாள். "அவருக்கு... அவருக்குப் புத்தி சரியில்லீங்க. கொஞ்ச நாளாவே அப்படித்தாங்க. ஊருக்கே தெரியும். எந் தம்பிய வேணா கேட்டுப் பாருங்க."

அதிகாரி தாளைத் திருப்பிச் சான்றிதழைக் காட்டினார். "அவருக்குப் புத்தி சரியா இருக்குன்னு இதுல இருக்கேம்மா. உங்களுக்கு அப்படி ஏதாவது இருக்கா?"

பூங்காவனத்திடம் இல்லை. ஓடைக்குறிச்சியில் எந்தப் பெண்ணிடமும் இல்லை.

"ஒரே வீட்டுல ஒருத்தர் விரிசல் இருக்குங்கறார், ஒருத்தர் இல்லைங்கறார். ரெண்டு பேர்ல யார் புத்தி சரியா இருக்குன்னு தெரியாம நான் எப்படி எழுத முடியும்?" அதிகாரி உண்மையிலேயே வருத்தப்பட்டார். வைத்திலிங்கம் உடனே, ஆலையின் சமூக நலத் திட்டத்தில் மனுதாரருக்கு இலவசமாகவே சோதனை செய்து தருவதாகச் சொன்னார். அதிகாரி நன்றி தெரிவித்தார். பெண்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அதிகாரியின் ஜீப் போனது.

வீட்டில் அவள் சோறு போட்டாள். பிரவீணாவின் பாயைச் சுவரிலிருந்து இழுத்து, தான் படுக்கும் இடத்தில் போட்டுவிட்டு, சுவருக்கு அடியில் தான் படுத்துக்கொண்டாள். செல்லக்கண்ணு மன்னிப்புக் கேட்க நினைத்தான். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே இருந்தான். அவள் விளக்கை அணைத்துவிட்டாள்.

மனவள மையத்துக்கு இரண்டு பேரும் போனார்கள். சிங்காரவேலு தாளையும் பென்சிலையும் அவளுக்கு முன்னால் வைத்தார். "ஒரு வீடு, ஒரு மரம், ஒரு மனுஷன். இதுல சரி தப்பே கிடையாது."

"எனக்கு வரையத் தெரியாதுங்க. எங்க வூட்டுக்கு வாங்க. நானே காட்டுறேன்."

'பரிசோதிப்பவரைத் தன் கற்பனைக்குள் அழைத்துச்செல்ல முயல்கிறார்' என்று சிங்காரவேலு எழுதினார். பிறகு, "தெரிஞ்சத வரைங்கம்மா" என்றார்.

பூங்காவனம் பென்சிலை, கரண்டியைப் பிடிப்பதுபோல் முழுக் கையாலும் பிடித்தாள். தாளின் உச்சியில் வைத்து அழுத்தி, கீழே இழுத்தாள். நடுவில் ஒரு வளைவு வளைந்து கோடு தாளின் அடிவரை வந்தது. பென்சிலை மேசையில் வைத்தாள்.

"வீடு எங்கம்மா?"

"வூட்ட இவரு வரைஞ்சு குடுத்துட்டாருல்ல" என்றாள். செல்லக்கண்ணுவைப் பார்க்காமலேதான் சொன்னாள். "இவரு வுட்டத நான் போட்டிருக்கேன்."

சிங்காரவேலு அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து, வந்த வழியே போனது. பிறகு அறிக்கையை எழுதத் தொடங்கினார். மனுதாரர் இல்லாததைக் காண்கிறார், மரத்தையும் மனிதனையும் மறுக்கிறார், கணவர்மீது நம்பிக்கை இழந்திருக்கிறார், இவர் கொடுக்கும் மனுக்களை ஏற்க வேண்டியதில்லை. முடித்துவிட்டுத் தாளை செல்லக்கண்ணுவின் பக்கம் தள்ளினார்.

"குடும்பத்துல மனத்தகுதி உள்ளவர் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். உங்க வீட்டுல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

செல்லக்கண்ணு பூங்காவனத்தைப் பார்த்தான். அவள் ஜன்னல் வழியாக பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடலேன்னா என்னாகும் சார்?"

"ஒண்ணும் ஆகாது. போடாதவங்களையும் நாங்க சோதிக்கத்தான் வேண்டியிருக்கும்."

கீழே உரக்கடையில் யாரோ மூட்டையை இறக்கிப் போட்டார்கள். செல்லக்கண்ணு பேனாவை வாங்கினான். கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தான். பிறகு கையெழுத்துப் போட்டான். படித்துப் பார்க்கச் சொன்னார் சிங்காரவேலு. படித்தும் பார்த்தான்.

அரியலூர் பஸ் கிளம்பும் நேரம். பூங்காவனம் முன்னால் ஏறி, இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. செல்லக்கண்ணு பின்வாசலில் ஏறி, நடுக்கம்பியைப் பிடித்துக்கொண்டான். பெரம்பலூரைத் தாண்டியதும் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தார்.

"அண்ணே, முன்னால எடம் கெடக்குதுல்ல. போயி ஒக்காருங்க."

"இருக்கட்டுங்க."

"அந்தம்மா யாரு, ஒங்க ஆளுதான? எடம் வுட்டுத்தான ஒக்காந்திருக்காங்க."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மடியிலிருந்த பையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து, இடத்தை இன்னும் சற்றுப் பெரிதாக்கினாள்.

செல்லக்கண்ணு கம்பியைக் கை மாற்றிப் பிடித்தான். அரியலூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தான்.